ஒரு ‘யெஸ்’ தின்ற ஆறு நாள்

1999ஆம் ஆண்டு. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வெட்டிய துணி கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. தையல் மெஷின்கள் காத்திருக்கின்றன. கழுத்தில் வைத்துத் தைக்க வேண்டிய லேபிள் மட்டும் வந்து சேரவில்லை. அதை நாமே அச்சடித்துக்கொள்ள முடியாது. பையர், அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர், குறிப்பிட்டிருந்த ஹாங்காங் நிறுவனத்திலிருந்துதான் வர வேண்டும். அந்த நேரத்தில் பையரிடமிருந்து ஒரு வரியில் மின்னஞ்சல் வந்தது: “ஹேவன்ட் யூ ரிசீவ்டு தி லேபிள்ஸ்?”

லேபிள் வரவில்லையா என்று கேட்கிறார். ஆமாம், வரவில்லை. நானும் சுருக்கமாக, கெட்டிக்காரத்தனமாக, ஒரே சொல்லில் பதில் அனுப்பினேன்: “யெஸ்.”

தமிழில் நாம் கேள்வியோடு ஒத்துப்போனால் ‘ஆமாம்’ என்கிறோம். “சாப்பிடவில்லையா?” என்று கேட்டால் “ஆமாம், சாப்பிடவில்லை” என்பது நமக்கு இயல்பு. ஆங்கிலத்தில் கேள்வி எப்படி வளைந்து வந்தாலும் நடந்திருந்தால் ‘யெஸ்’, நடக்கவில்லை என்றால் ‘நோ’. என் ‘யெஸ்’ஸைப் படித்த பையர் லேபிள் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவர் ஹாங்காங்கை விரட்டிக்கொண்டிருக்கிறார் என்று நான் நிம்மதியாக இருந்தேன். இப்படி ஆறு நாள் போனது. கடைசியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் போக வேண்டிய சரக்கில் ஒரு பகுதியை விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தச் செலவு எங்கள் தலையில் விழுந்தது.

முதலாளி திட்டவில்லை. கணக்குப் பார்க்கும் பெரியவர்தான் விமானக் கூலி பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, “அம்மணி, மூன்று எழுத்துக்கு இவ்வளவு ரூபாயா?” என்று கேட்டார். அவர் நகைச்சுவையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

என்னைத் தூங்கவிடாதது கூலிப் பணம் மட்டுமல்ல. அந்தப் பதிலில் எழுத்துப்பிழை கிடையாது, இலக்கணப் பிழை கிடையாது. என் பள்ளி ஆசிரியரிடம் காட்டியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

நான் தாராபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அரசுப் பள்ளியில், பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். கல்லூரியில் பி.காம். ஆங்கிலம் என்றால் எங்களுக்கு மனப்பாடக் கட்டுரைதான். மழைநாள், என் லட்சியம், விடுப்பு விண்ணப்பம். சிவப்பு மை விழுந்த இடங்கள் எப்போதும் ஒன்றேதான்: ‘ஹி’, ‘ஷி’ வந்தால் வினைச்சொல்லில் ‘எஸ்’ சேர்க்கவில்லை, பன்மையில் ‘எஸ்’ விட்டுப்போயிற்று, எழுத்துக்கூட்டல் தவறு. அதனால் அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் என் பயமெல்லாம் அந்த ‘எஸ்’ஸைச் சுற்றியே இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதிவிட்ட பிறகு சொல்கிறேன்: ‘எஸ்’ விட்டுப்போனதால் எங்களுக்கு ஓர் ஆர்டரும் கெட்டதில்லை. “பையர் வான்ட் ரெட் கலர்” என்று எழுதினால் படிப்பவர் மனதுக்குள் சிரிக்கலாம், ஆனால் சிவப்பு என்று புரிந்துகொள்வார். பார்வைக்குச் சரியாக இருந்து வேறு பொருள் தரும் வாக்கியத்தைக் கண்டு சிரிக்க ஆளில்லை. ஒருவரும் அதைத் தவறு என்று எடுத்துச் சொல்ல மாட்டார்கள். நட்டம் வந்த பிறகுதான் தெரியும்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ‘எஸ்’ நமக்கு வராமல் போவது வேடிக்கையான விஷயம். வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார்கள், வந்தது என்று ஆளுக்கொரு விகுதி வைத்து, பிள்ளைப் பருவத்திலிருந்தே பிசகாமல் பேசுகிறவர்கள் நாம். ஆங்கிலத்தில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு ‘எஸ்’. அதைத்தான் கோட்டை விடுகிறோம். பன்மையில் விடுவதற்காவது காரணம் இருக்கிறது. “பத்து மாடு”, “ஐந்நூறு ரூபாய்” என்றால் தமிழுக்குப் போதும். எண் சொன்ன பிறகு ‘கள்’ எதற்கு? அந்தப் பழக்கம் “ஃபைவ் ஹண்ட்ரட் பீஸ்” என்று வந்து நிற்கிறது. பேக்கிங் லிஸ்ட்டை ஒரு முறை எண்கள் பக்கமாக மட்டும் பார்த்துத் திருத்தினால் இது சரியாகிவிடும். இதைப் பற்றி இதற்கு மேல் கவலைப்பட வேண்டியதில்லை.

பணம் தின்ற பிழைகளுக்கு வருகிறேன். முதலாவது ‘டவுட்’. பள்ளியில் “சார், ஒரு டவுட்” என்று கை தூக்கிப் பழகியவர்கள் நாம். சந்தேகம் என்றால் நமக்குக் கேள்வி, விளக்கம் கேட்பது. ஒரு எல்.சி.யில், அதாவது பணம் தருவதற்கு வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதத்தில், பணம் தரும் தவணை 60 நாளா 90 நாளா என்று தெளிவில்லாமல் இருந்தது. “வி ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் பேமென்ட்” என்று எழுதிவிட்டேன். நீங்கள் பணம் தருவீர்களா என்பது எங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று அது போய்ச் சேர்ந்தது. அவர்களிடமிருந்து வந்த பதில் அத்தனை மரியாதையாக இருந்தது. அந்த மரியாதையைப் பார்த்துத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று முதலாளி கண்டுபிடித்தார். அவரே தொலைபேசியில் அழைத்துச் சமாதானம் செய்தார். ‘கொஸ்டின்’ என்று எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

இரண்டாவது ‘முன்னால்’. நமக்கு ‘இரண்டு நாட்களுக்கு முன்னால்’ என்பது கடந்துபோன காலத்துக்கும் ஆகும், வரப்போகும் ஒரு நாளுக்கு முந்தைய அவகாசத்துக்கும் ஆகும். “பிஃபோர் டூ டேஸ் ஐ சென்ட் தி பார்சல்” என்று எழுதினால் அது ‘டூ டேஸ் அகோ’ ஆக வேண்டும் என்பதைப் பலரும் சொல்லிக்கொடுப்பார்கள். நான் மாட்டிக்கொண்டது மற்றதில். ஆய்வுக்கு ஆள் அனுப்ப வேண்டும், சரக்கு எப்போது தயாராகும் என்று பையர் கேட்டிருந்தார். தயாராவதற்கு இரண்டு நாள் முன்பே சொல்கிறோம் என்ற நினைப்பில் “வி வில் இன்ஃபார்ம் யூ பிஃபோர் டூ டேஸ்” என்று எழுதினேன். இன்னும் இரண்டு நாளுக்குள் சொல்வார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவரிடமிருந்து கோபமாக ஒரு மின்னஞ்சல். எங்கள் அலுவலகத்தில் அதைப் படித்தவர்கள் எல்லோரும் இந்த ஆளுக்குப் பொறுமையே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். நானும்தான் பேசினேன். பல மாதம் கழித்து வேறொரு வாக்கியத்தில் அதே சொற்களைப் பார்த்தபோதுதான் தவறு யாருடையது என்று உறைத்தது. ‘டூ டேஸ் இன் அட்வான்ஸ்’ என்பது அவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது.

மூன்றாவதில் நான் மட்டும் குற்றவாளி இல்லை. ஒரு ஜெர்மன் பையர், சாம்பிள்களை “அன்டில் 12 மார்ச்” அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். 12 வரை என்றால் 12ஆம் தேதி கூரியரில் போட்டால் போதும் என்று நான் அன்று மாலைதான் போட்டேன். அவருக்கோ 12ஆம் தேதிக்குள் மேஜைக்கு வந்திருக்க வேண்டும். ஜெர்மன் மொழியில் ‘பிஸ்’ என்று ஒரு சொல் இருக்கிறது. நாம் ‘வரை’ என்றும் ‘-க்குள்’ என்றும் பிரித்துச் சொல்கிற இரண்டையும் அந்த ஒரே சொல் தாங்குகிறது. அதனால் அவர்கள் ‘பை’ எழுத வேண்டிய இடத்தில் ‘அன்டில்’ எழுதிவிடுகிறார்கள். நாமோ ‘-க்குள்’ளை நேராகக் கொண்டுபோய் “விதின் ஃப்ரைடே” என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் ‘விதின்’னுக்குப் பிறகு கால அளவுதான் வரும்: மூன்று நாள், ஒரு வாரம். கிழமைக்கும் தேதிக்கும் ‘பை’. ஆக ஒரு ஜெர்மானியரும் ஒரு தமிழச்சியும், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மொழியில், ஆளுக்கொரு பக்கம் தவறு செய்து ஒரு டி-ஷர்ட்டைத் தைத்திருக்கிறோம்.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அவர் எழுதிய தவறான வாக்கியத்துக்குப் பின்னால் சரியான ஒரு ஜெர்மன் வாக்கியம் நிற்கிறது. என்னுடையதற்குப் பின்னால் சரியான ஒரு தமிழ் வாக்கியம் நிற்கிறது. இதைப் பிறகு ஒரு பேராசிரியரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் சிரித்தார். பிட் கோர்டர் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1967லேயே, மொழி கற்பவரின் பிழை வெறும் குப்பை இல்லை, அவர் மனதில் எந்த விதி ஓடுகிறது என்று காட்டும் தடயம் என்று எழுதியிருக்கிறாராம். நான் ஆறு நாளும் விமானக் கூலியும் கொடுத்துத் தெரிந்துகொண்டதை அவர் முன்பே எழுதி வைத்திருக்கிறார்.

அதன் பிறகு ஒரு குறிப்பேடு போட்டேன். முன்பும் ஒன்று வைத்திருந்தேன். அதில் ‘டென்ஸ்’, ‘பிரிபொசிஷன்’ என்று ஆங்கில இலக்கணத் தலைப்புகளாக இருக்கும். எழுதும் அவசரத்தில் அது ஒரு நாளும் கைகொடுத்ததில்லை. நான் பிழை செய்யும்போது என் மனதில் ‘பிரிபொசிஷன்’ ஓடுவதில்லையே, ‘-க்குள்’ அல்லவா ஓடுகிறது! அதனால் புதிய குறிப்பேட்டில் தலைப்புகள் எல்லாம் தமிழ்ச் சொற்கள், தமிழ் விகுதிகள். முன்னால், -க்குள், வரை, தான், ஏ, சந்தேகம், ஆமாம். ஒவ்வொன்றுக்கும் கீழே நான் எழுதிய தவறான வாக்கியம், அதற்கும் கீழே சரியானது. யாரிடமாவது ஒரே ஒரு வழி சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அந்தக் குறிப்பேட்டில் ‘தான்’ ஒரு முழுப் பக்கம். “இன்றுதான் வந்தது” என்பதை “டுடே ஒன்லி கேம்” என்று எழுதினால், இன்று மட்டும் வந்தது, மற்ற நாள் வராது என்பது போல ஆகிவிடும். ‘ஏ’ அதற்கு அக்கா. “இன்றைக்கே அனுப்புகிறோம்” என்பது “டுடே இட்செல்ஃப்” ஆகிறது. இது இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும்; வெளியே ‘டுடே’ என்று மட்டும் எழுதினால் போதும். அழுத்தத்தை ஆங்கிலம் பெரும்பாலும் குரலிலும் வாக்கிய அமைப்பிலும் வைத்திருக்கிறது. நாம் அதற்கு ஒரு சொல் தேடி அலைகிறோம்.

இன்னொரு பக்கம், ‘சின்னச் சின்ன’. சாம்பிளில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்தோம் என்று சொல்ல “ஸ்மால் ஸ்மால் சேஞ்சஸ்” என்று எழுதி அனுப்பியவள் நான். அதற்கு வந்த பதிலில் அந்தப் பையர் அம்மையார், “தேங்க்யூ ஃபார் தி ஸ்மால் ஸ்மால் சேஞ்சஸ்” என்றே எழுதியிருந்தார். கேலியா அன்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதே அம்மையாரை ஒரு ஆய்வு அறிக்கையில் முழுவதும் ‘ஹி’ என்று எழுதி வைத்ததும் நான்தான். மரியாதைக்குரிய ‘அவர்’ ஆணுக்கும் பொது, பெண்ணுக்கும் பொது. மரியாதை கூடக் கூட நம் மனதில் பால் வேறுபாடு மறைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது கை தானாக ‘ஹி’க்குப் போகிறது. இப்போதும் ஒரு பெண்ணைப் பற்றி அரைப் பக்கத்துக்கு மேல் எழுதினால், அனுப்புவதற்கு முன் இதற்காக மட்டும் ஒரு முறை படிப்பேன்.

‘அனுப்பியிருந்தேன்’ என்பது இன்னும் நுட்பமானது. “திங்கட்கிழமையே அனுப்பியிருந்தேனே” என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அதை “ஐ ஹேட் சென்ட் இட் ஆன் மண்டே” என்று எழுதினால், ஆங்கிலம் படிப்பவர் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். அனுப்பியிருந்தாய், சரி, பிறகு என்ன ஆயிற்று? ஒரு முறை பையர் உண்மையாகவே, பார்சல் திரும்பி வந்துவிட்டதா என்று கேட்டார். இறந்த காலத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் இருந்து, எது முந்தியது என்று காட்ட வேண்டியிருந்தால் மட்டுமே ‘ஹேட்’. ஒரே நிகழ்ச்சி என்றால் ‘சென்ட்’ போதும். எங்கள் ஊர் அலுவலகக் கடிதங்களில் உள்ள ‘ஹேட்’களில் பாதிக்கு மேல் சும்மா இருப்பவை என்று நினைக்கிறேன்.

காப்பிக்கும் ஒரு பக்கம் உண்டு. நமக்குக் குடிப்பதும் காப்பி, நகலும் காப்பி. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் இன்வாய்ஸின் இரண்டு நகல் கேட்டு எழுதிய கடிதத்தில், குடிக்கிற காப்பியின் எழுத்துகளைப் போட்டிருந்தான். நல்லவேளை, அனுப்புவதற்கு முன் பார்த்தேன். ‘ப’ ஒன்றை வைத்துக்கொண்டு பல ஒலிகளை எழுதிப் பழகிய நமக்கு பாக்கெட்டா பக்கெட்டா, பேக்கா பேகா என்ற குழப்பம் கடைசிவரை விடாது. இதற்கு விதி தேடாமல் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பழகுவதுதான் வழி.

‘எ’, ‘தி’ பற்றித்தான் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். தமிழில் அப்படி ஒன்று இல்லை, அதனால் வராது என்று கைவிட்டுவிடுகிறார்கள். இல்லை என்பது முழு உண்மையல்ல. “சட்டை வாங்கினேன்” என்பதற்கும் “சட்டையை வாங்கினேன்” என்பதற்கும் என்ன வேறுபாடு? முதலாவது ஏதோ ஒரு சட்டை. இரண்டாவது நாம் முன்பே பேசி வைத்த அந்தச் சட்டை. “சாம்பிள் அனுப்பினோம்”, “சாம்பிளை அனுப்பினோம்”, இதுவும் அப்படியே. அஃறிணைப் பொருளில் அந்த ‘ஐ’ செய்கிற வேலையில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் ‘தி’ செய்கிற வேலைதான். எனவே எழுதும்போது வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். ‘ஐ’ தானாக வந்தால் ‘தி’, வராவிட்டால் ‘எ’ அல்லது வெறும் பன்மை.

இது எல்லா இடத்திலும் வேலை செய்யாது. மனிதர்களைச் சொல்லும்போது ‘ஐ’ கட்டாயம் வந்துவிடும் என்பதால் அங்கே ஏமாற்றும். “லாரி வந்தது” என்பது போல எழுவாயாக இருந்தால் ‘ஐ’ வரவே வராது. அப்போது வேறு கேள்வி: இதைக் கேட்டவர் “எந்த லாரி?” என்று கேட்பாரா? கேட்பார் என்றால் ‘எ’. எது என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் ‘தி’. அந்த இரண்டு சோதனைகளையும் வைத்துக்கொண்டு நான் அலுவலகக் கடிதங்களில் பெரும்பாலும் தப்பித்திருக்கிறேன். ஏரி, ஆறு, மலை, நாடு ஆகியவற்றின் பெயர்களுக்கு முன் ‘தி’ வருமா வராதா என்ற பட்டியலை மனப்பாடம் செய்ய எனக்கு நேரமும் இருந்ததில்லை, தேவையும் வந்ததில்லை.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பாகுபாடே நம் எழுத்தில் கிடையாது. காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் அச்சு வந்த பிறகு பரவியவை. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்தின் புள்ளியையே பெரும்பாலும் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்தப் பரம்பரையில் வந்த நாம் மரியாதைக்காகச் சில சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்குகிறோம், ‘சாம்பிள்’ உட்பட. பாதகமில்லை. ஆனால் ஒரு முழு வரியையும் பெரிய எழுத்தில் அடிக்காதீர்கள். அது கத்துவது போலப் படும்.

தேதியை எண்ணில் மட்டும் எழுதாதீர்கள். 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுத மூன்று எழுத்துதான் கூடுதல். லட்சம் என்ற சொல்லும் அது போலத்தான். காற்புள்ளி இடம் மாறிய 1,00,000ஐப் பார்த்து, ஒரு சுழியம் விட்டுப்போனதா என்று கேட்டவர்கள் உண்டு.

‘டூ தி நீட்ஃபுல்’, ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ போன்றவற்றைப் பிழைப் பட்டியலில் சேர்த்துக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவை வெள்ளைக்காரன் காலத்து அலுவலக ஆங்கிலம். அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் வைத்திருக்கிறோம். கோயம்புத்தூருக்கும் லூதியானாவுக்கும் எழுதும்போது நான் இன்றும் தயங்காமல் எழுதுவேன். வெளிநாட்டுக்கு எழுதும்போது மட்டும், ‘நீட்ஃபுல்’ என்றால் எது என்று தெளிவாகச் சொல்லிவிடுவேன்: எல்.சி.யைத் திருத்துங்கள், சாம்பிளுக்கு ஒப்புதல் தாருங்கள். தேவையானதைச் செய்யுங்கள் என்று எழுதும்போது, எது தேவை என்று எழுதுபவருக்கே பல நேரம் தெரிவதில்லை என்பது என் அனுபவம்.

இப்போது கணினியே பிழையின் அடியில் கோடு போடுகிறது. ‘எஸ்’ விட்டால் கோடு, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்றால் கோடு. நல்லதுதான், பள்ளியில் நான் வாங்கிய சிவப்பு மையில் முக்கால்வாசி மிச்சமாகியிருக்கும். ஆனால் என் ‘யெஸ்’ஸுக்கும் ‘பிஃபோர் டூ டேஸ்’ஸுக்கும் அது கோடு போடுமா? அவை தனித்து நின்றால் இலக்கணப் பிழை கண்ணில் படாத ஆங்கிலம். எனக்கு என்ன தெரியும், பையர் என்ன நினைப்பார் என்பது அதற்கு எப்படித் தெரியும்? அதனால் இரண்டு பழக்கங்களை மட்டும் விடவில்லை. ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் எழுத மாட்டேன். கேட்ட செய்தியையே திரும்பச் சொல்வேன். ‘தி லேபிள்ஸ் ஹேவ் நாட் அரைவ்டு’ என்று எழுதிவிட்டால் அதில் யெஸ்ஸும் வேண்டாம், நோவும் வேண்டாம். மற்றது, பணமோ தேதியோ இருக்கிற வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிப் பார்ப்பேன். தமிழில் வழுவழுவென்று, ஒரு சொல்கூட இடம் மாறாமல் வந்தால் எனக்குப் பயம் வந்துவிடும்.

சில ஆண்டுகளாக, அலுவலகத்துக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு மாலையில் அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோரிடமும் தமிழ்த் தலைப்புக் குறிப்பேடு இருக்கிறது. போன வாரம் அவர்களில் ஒருத்தி, விலையைக் குறைக்கச் சொல்லி வந்த மின்னஞ்சலோடு வந்து நின்றாள்.

“அக்கா, ‘பார்க்கலாம்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? முதலாளி அப்படித்தான் பதில் போடச் சொன்னார்.”

“குறைப்போம் என்று சொன்னாரா, மாட்டோம் என்று சொன்னாரா?”

“பார்க்கலாம் என்றுதான் சொன்னார்.”

“அது என்ன என்று அவரிடமே கேட்டுவிட்டு வா. பிறகு எழுதலாம்.”

போனவள் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

“கேட்டேன் அக்கா. பார்க்கலாம் என்றால் பார்க்கலாம்தான் என்கிறார்.”

குறிப்பேட்டைத் திறந்து புதிய பக்கத்தின் தலையில் ‘பார்க்கலாம்’ என்று எழுதிக்கொண்டாள். கீழே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.